ஒரே ரூம்ல உட்காரவே உட்காராதீங்க!

தம்பிகளா, நீங்க இப்போ பண்றதுதான் சரி. மாத்திக்காதீங்க.

டிரம்ஸ் தம்பி ரவாங்குல இருக்கான். பேஸ் கித்தார் பூச்சோங். கீபோர்டு பிரிக்பீல்ட்ஸ்ல, அப்பா அம்மா தூங்கின பிறகு ஹெட்போனை மாட்டிக்கிட்டு வாசிக்கிறான். உறுமிக்காரப் பையன் கிள்ளான், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பாடுற பாப்பா ஷா ஆலம்ல துணி அலமாரிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பாடுது, எதிரொலி வராதாம். ஒருத்தன் முடிச்சதும் பைலை வாட்ஸ்அப்புல தள்ளி விடுறான். அடுத்தவன் சௌகரியப்பட்டப்போ அதுமேல வாசிக்கிறான். மூணு மாசத்துல ஒரு பாட்டு வந்துருது. சண்டை கிடையாது, டோல் காசு கிடையாது, ஃபெடரல் ஹைவேல ஜாம் கிடையாது, யாரு மூஞ்சியையும் யாரும் பார்க்க வேண்டியதும் கிடையாது. குழுன்னா இப்படித்தான் இருக்கணும். ஒற்றுமைக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்ல.

நல்லாப் போயிக்கிட்டு இருக்கிறப்போ யாரு உங்க காதுல ஓதினாங்களோ, "தாத்தா, எல்லாரும் ஒரே ரூம்ல உட்கார்ந்து, ஒரே நேரத்துல வாசிச்சு, அப்படியே பதியப் போறோம்"னு வந்து நிக்கிறீங்க. எனக்கு வயித்தைக் கலக்குது. வேணாம்யா. இந்தக் கிழவன் சொல்றதைக் கேளுங்க. ஒரே ரூம்ல உட்கார்ந்தா குட்டு வெளிப்பட்டுரும்.

என்ன குட்டுன்னு கேக்குறீங்களா? பேஸ் தம்பி, இது உனக்கு மட்டும். மத்தவங்க காதைப் பொத்திக்குங்க. போன பாட்டுல சரணத்துக்குத் திரும்புற இடத்துல நீ ஒரு தட்டு முந்தி வந்துட்டே. கம்ப்யூட்டர்ல இழுத்து நேராக்கிட்டாங்க. நல்லது, ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. இதே தப்பை ஒரே ரூம்ல பண்ணியிருந்தா? உன் மைக்ல மட்டுமா விழுந்திருக்கும்? டிரம்ஸ் மைக்ல விழும், பாப்பா மைக்ல விழும். உன்னோடதை மட்டும் நகர்த்தி வச்சா மத்த மைக்குல இருந்து பழைய தப்பு எட்டிப் பார்த்துச் சிரிக்கும். சவுண்டு பண்ற பிள்ளைங்க இதுக்கு 'ப்ளீட்'னு பேரு வச்சு, வியாதி கணக்கா முகத்தைச் சுளிச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க.

தோட்டத்து லயத்துல பொறந்தவனுக்கு இது புதுசு இல்ல. பத்து வீடு ஒரே வரிசை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் வீட்டுல புருஷன் பொண்டாட்டி முணுமுணுக்கிறது கடைசி வீட்டுல கேக்கும். யாரு வீட்டுக் கதவைக் கடன்காரன் தட்டினான், யாரு கள்ளுக்கடையில இருந்து எத்தனை மணிக்கு வந்தான், எல்லாம் பத்து வீட்டுக்கும் பொதுச் சொத்து. அதனாலேயே அங்கே மனுஷன் கொஞ்சம் பார்த்துப் பேசினான். பக்கத்துல கைப்பிள்ளை தூங்குதுன்னா குரலை இறக்கினான். ஒரே ரூம்ல நாலு மைக் வச்சு வாசிக்கிறது, லயத்துக்குக் குடி போற மாதிரிதான். உங்களுக்கெல்லாம் தாமான்ல கேட்டுப் போட்ட வீடு, ஆளுக்கொரு ரூம், ரூமுக்கொரு ஏர்கோன். அந்தச் சுகத்தை விட்டுட்டு ஏன்யா லயத்துக்குத் திரும்புறீங்க?

இன்னொன்னு, பாப்பா, உனக்கு. மேல் ஸ்தாயியில சுருதி கொஞ்சம் இறங்கினா இப்போ ஆட்டோட்யூன் இருக்கு. 1997ல வந்த சாமான் அது. கண்டுபிடிச்ச ஆண்டி ஹில்டபிராண்ட் அதுக்கு முன்னாடி எண்ணெய்க் கம்பெனிக்காக, பூமிக்கடியில அதிர்வை அனுப்பி எண்ணெய் எங்க இருக்குன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்த மனுஷன். பூமியைத் தோண்டுற கணக்குலேயே தொண்டையையும் தோண்டலாம்னு கண்டுக்கிட்டார். ஒரே ரூம்ல அவர் உதவிக்கு வரமாட்டார். உன் மைக்ல கித்தாரும் கசிஞ்சு கிடக்குமில்ல, உன் குரலை நிமிர்த்தப் போனா கித்தாரும் சேர்ந்து கோணிக்கும். அப்புறம் நீ சுருதியோட பாட வேண்டியதுதான். இந்த வயசுல உனக்கு ஏன் அந்தக் கஷ்டம்?

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே பதிஞ்சாங்க"ன்னு கீபோர்டு தம்பி சொல்லுவான். அவன் யூடியூப் பார்க்கிற பையன். பதிஞ்சாங்கப்பா, வேற வழி இல்லாம. 1902 நவம்பர்ல கிராமபோன் கம்பெனி ஆளு பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து, ஹோட்டல்ல ரூம் போட்டு, கௌஹர் ஜானைப் பாட வச்சுப் பதிஞ்சார். மைக் கிடையாது, கரண்ட் கிடையாது. பெரிய புனல் ஒண்ணு. அதுக்கு நேரா நின்னு தொண்டையைத் திறந்து பாடணும். யாரு புனலுக்குப் பக்கத்துல, யாரு எத்தனை அடி தள்ளிங்கிறதுதான் மொத்த மிக்ஸிங்கும். மூணு நிமிஷத்துக்குள்ள ராகத்தைத் தொட்டு முடிச்சு, கடைசியில அம்மா தன் பேரை இங்கிலீஷ்ல உரக்கச் சொல்லுவாங்க. ஜெர்மனியில தட்டு அடிக்கிறவனுக்கு இது யாரு பாடினதுன்னு தெரியணுமே! அதே பயணத்துல 1903ல கைஸ்பெர்க் சிங்கப்பூருக்கும் வந்து பதிஞ்சுட்டுப் போனார். மைக் வச்சு மின்சாரத்துல பதியிற வித்தை கடைக்கு வந்ததே 1925ல. அதுவரைக்கும் சத்தத்தைக் கூட்டணும்னா கால் நகரணும், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துக் கதையும் அதுதான். பினாங்குப் பையன் பி. ரம்லி 1948ல சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்குப் போய், 'சிந்தா' படத்துல கதாநாயகனுக்குப் பின்னணி பாடினார். 1950ல 'பக்தி' படத்துல அவரே கதாநாயகன். இனிமே உன் பாட்டை உன் குரல்லேயே பாடுன்னு விட்டவர் டைரக்டர் எல். கிருஷ்ணன். மதராஸ்ல பொறந்து பினாங்குல வளர்ந்த நம்மாளு. மலாய்ப் பாட்டுலகத்தோட பெரிய குரலுக்குக் கதவு திறந்ததுல நம்மாளு கையும் இருக்கு, இதை நீங்க மேடையில சொல்லிக்கலாம். அப்போ எல்லாம் ஒத்தை டிராக். பாடுறவரும் வயலினும் தாளமும் ஒண்ணா நின்னாத்தான் பாட்டு. ஒருத்தர் இருமினா எல்லாரும் முதல்ல இருந்து. 1964ல ரம்லி கோலாலம்பூருக்குக் குடி வந்து, ஹுலு கிளாங்ல இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவுல சேர்ந்தார். அந்த இடத்துல இப்போ ஃபினாஸ் ஆபீஸ். படம் எடுக்கிறவங்க மானியம் கேட்டு மனு எழுதுற ஆபீஸ்தான்.

கோடம்பாக்கத்துல இதையே படை திரட்டிச் செஞ்சாங்க. காலையில ஸ்டூடியோவுக்கு வந்து, நோட்ஸை வாங்கி, ரிகர்சல் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்குள்ள டேக். ஹால்ல வரிசையா வயலின், ஒரு கூண்டுக்குள்ள பாடுறவங்க, இன்னொரு கூண்டுக்குள்ள தாளம். இளையராஜாகிட்ட டிரம்ஸுக்குப் புருஷோத்தமன், கீபோர்டுக்கு விஜி மேனுவல், வயலினுக்கு வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழலுக்கு நெப்போலியன். 1976ல வந்த 'அன்னக்கிளி'க்கு முதல் பாட்டுப் பதிவு. டேக்னு சொன்ன கையோட கரண்ட் போயிருச்சுன்னு ராஜாவே மேடையில சொல்லியிருக்கார். சகுனம் சரியில்லன்னு முணுமுணுத்தவங்க முணுமுணுக்கட்டும்னு, கரண்ட் வந்ததும் வாசிச்சாங்க. அந்த ஹால்ல கடைசி வரிசை வயலின்காரர் ஒரு ஸ்வரம் தப்பினா பாட்டே மறுபடி. அதனால எந்தக் கடைசி வரிசை வயலின்காரரும் தூங்கல. நம்ம கீபோர்டு தம்பி நேத்து எனக்கு அனுப்பின டிராக்ல நடுவுல ஒரு கொட்டாவி கேட்டுச்சு. பரவாயில்ல, வெட்டிருவாங்க.

வெள்ளைக்காரப் பிள்ளைங்க கதையும் ஒண்ணு சொல்றேன். 1963 பிப்ரவரி 11. லண்டன்ல அபே ரோடு ஸ்டூடியோ. பீட்டில்ஸ் நாலு பேரும் காலையில 10 மணிக்கு உள்ள போய், ராத்திரி பத்தே முக்காலுக்கு 10 பாட்டை முடிச்சுட்டு வெளிய வந்தாங்க. ஜான் லெனனுக்கு நல்ல சளி. தொண்டை கிழியிற பாட்டைக் கடைசிக்கு வச்சுக்கிட்டாங்க, 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. முதல் டேக்கே தட்டுல ஏறிருச்சு. ரெண்டாவதுக்குக் குரல் இல்ல. இதைக் கேட்ட உடனே உங்க கண்ணு மின்னுது, எனக்குத் தெரியும். அவசரப்படாதீங்க. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னாடி அவனுங்க ஹாம்பர்க்ல ராத்திரி ராத்திரியா மணிக்கணக்குல கிளப்புல வாசிச்சுத் தேய்ஞ்சவனுங்க. நம்ம ஆலிகேட்ஸ் குழு மட்டும் என்னவாம்? பினாங்குத் தமிழ்ப் பிள்ளைங்க, லோகா, டேவிட்னு அண்ணன் தம்பிங்க ஆறுமுகத்தோட மகனுங்க. ஹாங்காங் போய்க் கிளப் கிளப்பா வாசிச்சுட்டுத்தான் மலாய்ப் பாட்டுல நாட்டையே பிடிச்சாங்க. நீங்க கடைசியா எல்லாரும் ஒண்ணா வாசிச்சது எப்போ? உங்க அக்கா கல்யாணத்துலயா? அதுவும் பாதியில ஜெனரேட்டர் நின்னு போச்சே, அந்தக் கல்யாணம்?

இவங்களை எல்லாம் விட எனக்குப் பிடிச்சவங்க கனடாக்காரங்க, கௌபாய் ஜங்கீஸ்னு ஒரு குழு. 1987 நவம்பர் 27, டொரண்டோவுல ஹோலி டிரினிட்டி தேவாலயம். நடுவுல ஒரே ஒரு மைக்; சுத்தி எல்லாரும். சத்தம் கூடினவன் பின்னால போனான், குறைஞ்சவன் முன்னால வந்தான். பாடுற பொண்ணு மார்கோ டிம்மின்ஸ் மெல்லப் பாடுறவ, அதனால அவ குரலை மட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியா விட்டு, அந்த ஸ்பீக்கரையும் மைக் கேட்கும்படி வச்சாங்க. தேவாலயத்துல என்ன சொல்லி இடம் வாங்கினாங்க தெரியுமா? டிம்மின்ஸ் குடும்பப் பாடகர்கள் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பதியப் போறோம்னு. இந்தப் பொய்யை நான் கத்துக் கொடுக்கல. கோயில் கமிட்டிகிட்ட ஹால் கேக்கப் போறவன் தெரிஞ்சு வச்சுக்கட்டும்னு சொன்னேன். தோட்டத்து நாடகத்துலயும் மேடைக்கு நடுவுல ஒத்தை மைக்தான் தொங்கும். ராஜபார்ட்டு பேசணும்னா ஹார்மோனியம் கையை அடக்கணும். அடக்காதவனை மேடைக்குப் பின்னால வச்சு நாங்க என்ன பண்ணினோம்ங்கிறது இங்க வேண்டாம், பொண்ணு பிள்ளைங்க இருக்கு.

டிரம்ஸ் தம்பி கையைத் தூக்குறான். "ரஹ்மான் தனித்தனியாத்தானே பதியறாரு?" நல்ல கேள்வி. தன்னோட பஞ்சதன் ஸ்டூடியோவுல ஒவ்வொரு வாத்தியமா வச்சு அடுக்கி, 1992ல 'ரோஜா' கொடுத்தார், உண்மை. ஆனா அந்தப் பிள்ளை அப்பா ஆர்.கே. சேகரை ஒன்பது வயசுல இழந்துட்டு, பால்மணம் மாறாத வயசுலேயே எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜான்னு பெரியவங்க ரூம்ல கீபோர்டு வாசிக்கப் போயிருச்சு. எல்லாரோடவும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பழகின காது, அப்புறம் தனியா உட்கார்ந்து அடுக்குச்சு. நீங்க முதல் பாதியை விட்டுட்டு ரெண்டாவது பாதியில ஆரம்பிச்சிருக்கீங்க. அதே நேரத்துல, எல்லாப் பாட்டும் ஒரே ரூம்லதான் பொறக்கணும்னு நான் சட்டம் போடல. யோகி பி, நட்சத்ராவோட சேர்ந்து 2006ல 'வல்லவன்' போட்டாரே, இந்தக் கிழவனும் கேட்டேன். அந்தப் பாட்டு கம்ப்யூட்டர்லதான் பொறக்கணும். அங்க போய் மிருதங்கக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைக்கக் கூடாது. உங்க பாட்டு வேற. அதுல உறுமி இருக்கு, மூச்சு இருக்கு, பாப்பா வரியை இழுத்தா தாளம் காத்திருக்க வேண்டிய இடம் இருக்கு. ரவாங்குல இருக்கிறவன் ஷா ஆலம் மூச்சுக்கு எப்படிய்யா காத்திருப்பான்?

சரி. சொல்லிப் பார்த்துட்டேன், கேக்கப் போறதில்ல. கேக்காதவங்களுக்குத்தான் இனிமே சொல்றது எல்லாம்.

முதல்ல ரூம். ஓசியில கிடைக்குதுன்னு ஹாலுக்குப் போகாதீங்க. டைல்ஸ் தரை, எதிரும் புதிருமா சிமெண்டுச் சுவர். நடுவுல நின்னு ஒரு தடவை பலமாக் கையைத் தட்டினா 'டர்ர்ர்'னு நூல் கிழியிற சத்தம் வரும். அந்தச் சுவர் பாட்டுக்கு நடுவுல வாயாடும். பிரிக்பீல்ட்ஸ்ல கீபோர்டு தம்பி வீட்டு மாடி இருக்கேங்கிறீங்க. ஜாலான் துன் சம்பந்தன் மேல மோனோரெயில், பின்னால கே.எல். சென்ட்ரலுக்கு வர்ற ரயில் அத்தனையும், கீழ அஞ்சடியில பூமாலைக் கடைக்காரரோட ரேடியோ. கிள்ளான்ல ஜாலான் தெங்கு கிளானா பக்கம் வேண்டவே வேண்டாம். தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆளுக்கொரு பாட்டு ஆரம்பிச்சுருவாங்க. துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் லோரி உருளுற ரோட்டோரமும் ஆகாது. அது காதுக்குக் கேக்காட்டியும் மைக் ஸ்டாண்டுக்குக் கேக்கும். மூலையில நிக்கிற சாதாரண வீட்டு முன்னறை போதும். சோபா, திரைச்சீலை, புத்தக அலமாரி இருக்கிற வீடாப் பாருங்க. புத்தக அலமாரி உள்ள வீடு உங்க சிநேகிதக் கூட்டத்துல இல்லன்னா, மெத்தையைச் சுவத்துல சாய்ச்சு வைங்க. மெத்தை மேல் சத்தத்தைத்தான் தின்னும்; பேஸ் சத்தம் அதைத் தாண்டிப் போயிரும். அதனால பேஸ் பெட்டியை மூலையில வைக்காதீங்க, மூலை அதைப் பெருசாக்கி ரூம் முழுக்கக் குமுறவிடும்.

அடுத்தது நேரம். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குல சித்திரையிலயும் ஐப்பசியிலயும் மத்தியானம் மூணு மணிக்கு மேல பாட்டு பதியிறேங்கிறவன் வானத்தைப் பார்க்காதவன். ஜிங்கு கூரையில மழை இறங்கினா புருஷோத்தமனே வந்தாலும் டிரம்ஸ் கேக்காது. பாங்கு சொல்ற நேரம் நிறுத்திக்குங்க. மரியாதைக்கு மரியாதை, கைக்கும் ஓய்வு. ஞாயித்துக்கிழமை காலை பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் உத்தமம். ஒரே ஒரு ஆபத்து, பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டுற மெஷினை எடுப்பார். முந்தின நாளே ஒரு பொட்டலம் முறுக்கோட போய்ச் சொல்லிட்டு வாங்க. சீனராயிருந்தா ரெண்டு பொட்டலம். அவங்க நம்ம முறுக்கை நம்மளைவிட ரசிப்பாங்க.

ஏர்கோன் நிறுத்தணும், காத்தாடி நிறுத்தணும், சமையலறை ஃப்ரிட்ஜை நிறுத்தணும். ஃப்ரிட்ஜை நிறுத்தினவன் மறந்துட்டுப் போயிட்டா மறுநாள் அந்த வீட்டம்மா மீன் பொட்டலத்தோட உங்களைத் தேடி வருவாங்க. சினிமா சவுண்டுக்காரங்க இதுக்கு ஒரு தந்திரம் வச்சிருக்காங்க: ஃப்ரிட்ஜை நிறுத்தின கையோட கார் சாவியை அதுக்குள்ள வச்சுருவாங்க. சாவி எடுக்காம வீட்டுக்குப் போக முடியாதே. ஏர்கோன் நின்னதும் பத்தே நிமிஷத்துல ரூம் புழுங்கும், கம்பி இறங்கும், உறுமித் தோல் தொய்யும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி எல்லாரும் சுருதி பாருங்க. "இப்பத்தானே பார்த்தேன்"னு சொல்றவன்தான் இறங்கியிருப்பான்.

உறுமிப் பையா, உன் விஷயம் தனி. தைப்பூசத்துல பத்துமலை அடிவாரத்துல உன் வாத்தியம் நூறு காவடிக்குக் கேக்கணும்னு பொறந்தது. ஒரு பக்கம் குச்சியில அடி, மறுபக்கம் வளைஞ்ச குச்சியால தேய். அந்தத் தேய்க்கிற உறுமல் நாலு மைக்லயும் முதல் வரிசை டிக்கெட் எடுத்து உட்கார்ந்துரும். அதனால நீ ரூமுக்கு வெளிய, வாசப்படி ஓரமா, எல்லாரும் உன்னைப் பார்க்கிற இடத்துல நில்லு. அவமானம்னு நினைக்காதே. கைஸ்பெர்க் காலத்துல இருந்து கனமான ஆளுக்குப் பின்வரிசைதான்.

மத்தவங்க வட்டமா உட்காருங்க, ஒருத்தர் கண்ணு ஒருத்தருக்குத் தெரியணும். தள்ளித் தள்ளி உட்கார்ந்தா கசிவு குறையும்னு யாராவது சொல்லுவான்; குறையும்தான், ஆனா அதுக்காக ரொம்பத் தள்ளிப் போகாதீங்க. சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். டிரம்ஸும் பேஸும் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா, ஒருத்தன் அடிச்சது அடுத்தவன் காதுக்கு வர ஒரு நொடியில 100ல 3 பங்கு ஆயிரும். அது போதும், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி "நீதான் இழுக்குறே"ன்னு சண்டை போட. ரெண்டு பேரையும் முட்டி இடிக்கிற தூரத்துல உட்கார வைங்க.

மைக் நிறைய வேணாம். நாலு மைக் தாராளம். சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். பாப்பா மைக்கோட முதுகு டிரம்ஸைப் பார்த்து இருக்கட்டும். எட்டு வடிவத்துல கேக்கிற மைக் ஒண்ணு கடன் கிடைச்சா இன்னும் நல்லது. அது முன்னாலயும் பின்னாலயும் கேக்கும், ரெண்டு பக்கவாட்டுலயும் செவிடு. செவிட்டுப் பக்கத்தைச் சத்தக்காரன் பக்கம் திருப்பி வைங்க. பாப்பா வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்னா, அடுத்த மைக் மூணு சாணுக்கு அந்தப் பக்கம் இருக்கணும். மீட்டர் -12 பக்கம் ஆடட்டும். சிவப்புக்கு ஏத்தி வீரம் காட்ட வேணாம்.

இதெல்லாம் சவுண்டு தம்பி பார்த்துப்பான். நீங்க பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. யாரும் ஹெட்போன் மாட்டாம, பாப்பாவுக்கு மைக்கே போடாம, பாட்டை முழுசா ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. பாப்பா பாடுற வார்த்தை எல்லாருக்கும் கேக்கணும். கேக்கலையா, நீங்க கத்துறீங்க. பேஸ் பெட்டியைக் குறைங்க, டிரம்ஸ் தம்பி குச்சியை மாத்தி ஈர்க்குக் கட்டு எடு. டிரம்ஸ்காரனுக்கு மெல்ல அடிக்கிறது மானப் பிரச்சினைன்னு எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ்ல டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பக்கம் ஒரு அரங்கேற்றம் நடக்கிறப்போ போய், மேடைக்குப் பக்கவாட்டுல உட்கார்ந்திருக்கிற மிருதங்கக்காரரைப் பார்த்துட்டு வா. அவர் கண்ணு தோல்மேல இருக்காது, ஆடுற பொண்ணோட கால்மேல இருக்கும். கை பாட்டுக்கு அதுவா வேலை செய்யும். உன் கண்ணு இப்போ எங்க இருக்கு? போன்ல.

காதுல தாளம் தட்டுற கிளிக் வேணுமான்னு கேக்குறீங்க. வேணும்னா டிரம்ஸ் தம்பி காதுக்கு மட்டும், அதுவும் முதல் நாலு தட்டுக்கு. அப்புறம் அணைச்சுரு. பாட்டு சரணத்துல கொஞ்சம் ஓடினா ஓடட்டும், எல்லாரும் சேர்ந்து ஓடினா யாருக்கும் தெரியாது; தனியா ஓடினவன்தான் மாட்டுவான்.

டேக் மூணு. முதல்ல பயம் இருக்கும், ரெண்டாவதுல பாட்டு இருக்கும், மூணாவதுல கொஞ்சம் திமிர் இருக்கும். மூணுல ஒண்ணு கட்டாயம் தேறும். தேறலன்னா நாலாவது போகாதீங்க, மாமாக் கடைக்குப் போங்க. ஆளுக்கொரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய். பசியாறிட்டு வந்து மறுபடி மூணு. எட்டாவது ஒன்பதாவது டேக்ல எல்லாம் சரியா இருக்கும், கேக்குறதுக்குத்தான் ஒண்ணும் இருக்காது. எடுத்ததைப் போட்டுக் கேக்கிறப்போ, ஆளாளுக்குத் தன் வாத்தியத்தை மட்டும் கேட்டுட்டு "எனக்கு இன்னொரு டேக்"னு ஆரம்பிப்பீங்க. அந்த இடத்துலதான் குழு உடையும். அடுத்தவன் எங்க நல்லா வாசிச்சான்னு சொல்லத் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் தன்னோட தப்பைப் பத்திப் பேச உரிமைன்னு ஒரு விதி போட்டுக்குங்க. ரெண்டு நிமிஷம் ரூம்ல சத்தமே இருக்காது, பாருங்க.

அதுக்கு முன்னாடி, பதிவே பண்ணாம நாலு ஞாயிறு சேர்ந்து வாசிங்க. செலவு பெட்ரோலும் டோலும்தான். நாலாவது ஞாயிறுக்குள்ள உங்கள்ல ஒருத்தன் விலகிட்டான்னா, அவன் முதல்ல இருந்தே உங்க குழுவுல இல்ல, வாட்ஸ்அப்புலதான் இருந்தான்.

கடைசியா, சவுண்டு தம்பி. நாலு மைக்கையும் வயரையும் தூக்கிக்கிட்டு ஒரு பையன் வருவான். "புரோ, பாட்டு ஹிட்டானா கொடுக்கிறோம்"னு சொல்லி அனுப்பிராதீங்க. பேசின வெள்ளியை முதல் டேக்குக்கு முன்னாடியே எண்ணிக் கையில கொடுத்துருங்க. அப்பத்தான் மூணாவது டேக் நல்லா இல்லன்னா அவன் உங்க முகத்துக்கு நேரா சொல்லுவான். எடுத்த டேக்கை ஒண்ணையும் வெட்டாம, நிமிர்த்தாம, எனக்கு அனுப்புங்க. எது நல்லா இருக்குன்னு நான் சொல்றேன். கிளம்புறப்போ ஃப்ரிட்ஜைப் போட்டுட்டுக் கிளம்புங்க.